ஒலிம்ப் தெ கூஜைக் கொன்றது பெண்ணுரிமைப் பிரகடனம் அல்ல

ஜூன் 4 (வாசகர் கேள்வி)

பிரெஞ்சுப் புரட்சியில் பெண்கள் என்று பேச்செடுத்தாலே எழுத்தாளர் ஒலிம்ப் தெ கூஜ், அவருடைய பெண்ணுரிமைப் பிரகடனம் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். புரட்சியை உண்மையில் நகர்த்தியவர்கள் அரசன் இருந்த வெர்சாய் அரண்மனைக்கு நடந்த சந்தைப் பெண்கள். எழுதிய பெண்கள் பெரும்பாலும் வசதியானவர்கள், அதில் சிலர் அரசனுக்கு வக்காலத்து வாங்கியவர்கள். அவர்கள் எழுதிய துண்டுப் பிரசுரங்களால் ஒரு சட்டமாவது மாறியதா? நடந்தவர்களை விட்டுவிட்டு எழுதியவர்களையே ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறோம்?

ஜூன் 4, இரவு

சட்டம் பற்றி முதலில். எத்தா பாம் என்ற டச்சுப் பெண் 1792 ஏப்ரல் 1 அன்று வேறு சில பெண்களோடு சட்டப் பேரவைக்குப் போய் மனு கொடுத்தார். பெண்களுக்குக் கல்வி வேண்டும், 21 வயதில் சட்டப்படி மேஜர் ஆக வேண்டும், மணவிலக்கு வேண்டும், ஆண்களுக்கு உள்ள அரசியல் உரிமை வேண்டும். அதே ஆண்டு செப்டம்பர் 20 அன்று மணவிலக்குச் சட்டம் வந்தது. கணவன் கேட்டாலும் மனைவி கேட்டாலும் ஒரே சட்டம். அந்த மனு ஒன்றுதான் அதைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லமாட்டேன், ஆண்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் எழுத்தால் எதுவும் மாறவில்லை என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது.

வெர்சாய் நடையைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 1789 அக்டோபர் 5, மழை, ரொட்டி கிடைக்காத பாரிஸ். ஆயிரக்கணக்கான பெண்கள் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நடந்தார்கள். மறுநாள் அரச குடும்பத்தையே பாரிஸுக்குக் கூட்டிவந்தார்கள். ஆகஸ்டில் தேசியப் பேரவை நிறைவேற்றிய மனித உரிமைப் பிரகடனத்துக்கு அரசன் அதுவரை ஒப்புதல் தராமல் இழுத்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண்கள் வாசலில் நின்றபோதுதான் தந்தான். ஒரு காகிதத்துக்கு உயிர் வந்தது அந்த நடையால் என்றால், நடையையும் எழுத்தையும் எதிரெதிராக வைப்பது எப்படிச் சரியாகும்?

ஜூன் 5

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் துண்டுப் பிரசுரத்தால் என்ன பயன் என்று இன்னொருவர் கேட்கிறார். அந்தக் காலத்து அரசியல் எழுத்தைத் தனியாக ஓர் அறையில் உட்கார்ந்து படிக்கும் பொருளாக நினைத்தால் இந்தக் கேள்வி வரும். அது காதால் கேட்கப்பட்ட எழுத்து. 1790-இல் குளோத் தான்சார் என்பவர் ஆரம்பித்த சகோதரச் சங்கத்தில் மாலை நேரங்களில் பேரவையின் தீர்மானங்களைப் படித்துக் காட்டி விளக்குவார்கள். ஆண், பெண் இருபாலாரும் உறுப்பினர்கள். பின்னால் பெண்கள் சங்கம் ஒன்றைத் தொடங்கிய போலின் லெயோன் அங்கிருந்து வந்தவர்தான். தந்தை, பிறகு தாயுடன் சாக்லேட் செய்து விற்ற குடும்பம். வசதியானவர்கள் என்ற பட்டியலில் அவரைச் சேர்க்க முடியாது.

அப்புறம் சுவரொட்டி. ஒலிம்ப் தன் கைக்காசைப் போட்டு அச்சடித்துப் பாரிஸ் சுவர்களில் ஒட்டவைத்தார். தெருவில் நிற்கிறவர்களில் படிக்கத் தெரிந்தவர் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் கேட்டுவிட்டு அங்கேயே சண்டை போடுவார்கள்.

ஜூன் 5, பிற்பகல்

ஒலிம்பின் பிறப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1748-இல் மோந்தோபான் ஊரில் பிறந்தவர், இயற்பெயர் மரி கூஜ். ஆவணப்படி தந்தை ஒரு கசாப்புக்காரர். ஒரு பிரபுவின் மகள் என்று ஒலிம்ப் நம்பினார், அந்தப் பக்கத்திலிருந்து ஏற்பு கிடைக்கவே இல்லை. பேச்சுமொழி தென் பிரான்ஸின் ஆக்ஸிதான், பிரெஞ்சு பிறகு கற்றது. பதினேழு வயதில் கல்யாணம், சீக்கிரமே கணவர் இறந்துபோனார். மறுமணம் செய்யவில்லை. மனைவி எதையாவது அச்சில் கொண்டுவரக் கணவனின் சம்மதம் தேவைப்பட்ட காலம் அது. விதவையாகவே இருந்ததால்தான் அவர் எழுத்தாளராக இருக்க முடிந்தது.

அவர் தன் எழுத்தில் பெரும்பகுதியைச் சொல்லி எழுதவைத்தார். அதைக் காட்டி அவரைப் படிப்பறிவில்லாதவர் என்று கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அந்த உரைநடை பிடித்ததே அதனால்தான். ஒருவரைப் பார்த்துப் பேசுவதுபோல இருக்கும், நடுவில் கோபம் வரும், திரும்பிவந்து அதே விஷயத்தைப் பிடிக்கும்.

ஜூன் 7

இப்போது எனக்கு முக்கியமான விஷயம். 1791 செப்டம்பரில் பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதினார், அதனால் 1793-இல் தலையை வெட்டினார்கள் என்றுதான் பல இடங்களில் சுருக்கமாகச் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் முதலில் கேள்விப்பட்டேன். வழக்கு விவரத்தைப் படித்தபோது அங்கே பிரகடனம் மையத்தில் இல்லை. பிரகடனம் வெளியானபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவே இல்லை. அவரைச் சிறைக்கு அனுப்பியது ‘மூன்று வாக்குப் பெட்டிகள்’ என்ற சுவரொட்டி, 1793 ஜூலை.

அதில் அவர் கேட்டது இதுதான்: பிரிக்க முடியாத ஒற்றைக் குடியரசா, கூட்டாட்சியா, முடியாட்சியா? மூன்று பெட்டி வையுங்கள், மக்கள் வாக்களிக்கட்டும், எது அதிகம் வருகிறதோ அதை எல்லோரும் ஏற்போம். நாடு உள்நாட்டுப் போரில் கிழிந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. ஜூன் ஆரம்பத்தில் மிதவாத அணியான ஜிரோந்தின்களின் தலைவர்களை அன்றைய நாடாளுமன்றமான மாநாட்டு அவையிலிருந்து பிடித்துவிட்டார்கள், மாகாணங்கள் எழுந்துவிட்டன. மூன்று அணிகளும் ஒருவரையொருவர் கொல்லாமல் இருக்க ஒரு வழி என்று அவர் நினைத்தார். ஆனால் அதே ஆண்டு மார்ச் 29 அன்று வந்த சட்டம், முடியாட்சியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லும் எழுத்துக்கு மரண தண்டனை என்றது. மூன்றாவது பெட்டி ஒன்றே போதுமாக இருந்தது.

ஜூலை 20 அன்று கைது. நவம்பர் 2 அன்று விசாரணை. தனக்கு ஒரு வழக்கறிஞர் வேண்டும் என்று கேட்டார், உனக்கே பேசும் திறமை இருக்கிறதே என்று சொல்லி மறுத்தார்கள். மறுநாள் கில்லட்டின்.

அதனால்தான் தலைப்பை அப்படி வைத்தேன். அவரைப் பெண்ணுரிமைக்காக இறந்தவர் என்று மட்டும் சொன்னால், ஆட்சி முறையைப் பற்றி ஒரு பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு கருத்து இருந்தது, அதை அரசு ஆபத்தாக எண்ணிக் கொன்றது என்ற உண்மை மறைந்துபோகிறது. வரி, அடிமை வணிகம், அரசியலமைப்பு, தேர்தல் எல்லாவற்றையும் பற்றி அவர் எழுதியிருக்கிறார். பெண்கள் பெண்களைப் பற்றி எழுதினால் இடம் தருகிறோம், நாட்டைப் பற்றி எழுதியதை அடிக்குறிப்பாக்கிவிடுகிறோம். இது எனக்குத் தாங்கவில்லை.

ஜூன் 7, இரவு

“அப்படியானால் அவர் அரசன் பக்கம்தானே?”

1792 டிசம்பரில் அரசன் லூயியின் விசாரணையில் அவனுக்காக வாதாட ஒலிம்ப் முன்வந்தது உண்மை. அரசன் என்ற முறையில் அவன் குற்றவாளி, மணிமுடி இறங்கிய பிறகு மனிதனாக அவனைக் கொல்லத் தேவையில்லை என்பது அவர் நிலை. மரண தண்டனையையே அவர் வெறுத்தார். அதற்கு முன் மாதம்தான் தீவிரப் புரட்சித் தலைவர் ரொபெஸ்பியேரைக் கடுமையாகத் தாக்கி ஒரு சுவரொட்டி போட்டிருந்தார். ‘பொலீம்’ என்று கையெழுத்து, ஒலிம்ப் என்ற பெயரின் எழுத்துகளை மாற்றிப் போட்டது. அவர் அரசியல் நடுவில் இடம் மாறியது, முடியாட்சியில் நம்பிக்கை வைத்தார், பிறகு குடியரசை ஏற்றார். அன்று பாரிஸில் இடம் மாறாதவர் யார்? 1790-இல் ரொபெஸ்பியேரே குடியரசு கேட்கவில்லை.

ஜூன் 10

மதாம் ரோலானை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்டிருக்கிறார்கள். விடவில்லை. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு வேறு நினைவுகள் வந்துவிடுகின்றன.

நான் ஒரு சங்கத்தில் பல காலம் அறிக்கை எழுதித் தந்திருக்கிறேன். கூட்டத்தில் மூலையில் உட்கார்ந்து குறிப்பு எடுப்பேன், இரவில் அதை அறிக்கையாக்குவேன், காலையில் வேறொருவர் பெயரில் அது அச்சாகும். மேடையில் அதை வாசித்தவருக்குக் கைதட்டல். ஒருமுறை என் பெயரையும் போடுங்கள் என்று கேட்டதற்கு, இயக்கத்தில் தனிமனிதப் பெருமை கூடாது என்று பதில் வந்தது. கீழே தலைவரின் கையெழுத்து இருந்தது.

ரோலானின் நினைவுக் குறிப்புகளைப் படித்தபோது அந்த மூலை எனக்கு உடனே தெரிந்தது. அவர் வீட்டில்தான் ஜிரோந்தின்கள் கூடுவார்கள். அவர் வட்டத்துக்கு வெளியே ஒரு மேசையில் உட்கார்ந்து தையல் வேலையோ கடிதமோ பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பார். கணவர் உள்துறை அமைச்சர். 1792 ஜூனில் அமைச்சர் அரசனுக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதம், நேருக்கு நேராக எச்சரிக்கும் கடிதம், மனைவி எழுதியது. சில நாளில் அமைச்சரைப் பதவிநீக்கினார்கள், அந்தக் கடிதம் நாடு முழுக்கப் பரவியது. எழுதியவர் பெயர் அதில் இல்லை.

1793 ஜூன் 1 அன்று கைதான பிறகுதான் அவர் தன் பெயரில், தன் வாழ்க்கையைத் தானே எழுத ஆரம்பித்தார். ஐந்து மாதச் சிறை. எழுதிய தாள்களை நண்பர்கள் ரகசியமாக வெளியே கொண்டுபோனார்கள். நவம்பர் 8 அன்று கில்லட்டின்.

ஜூன் 11

நேற்று எழுதியதோடு இன்னொன்று. ரோலான் பெயர் போடாமல் இருந்ததைத் திணிக்கப்பட்டதாக மட்டும் பார்ப்பது அவருக்கு நியாயம் இல்லை. நூலாசிரியராக ஆக ஆசைப்பட்டதே இல்லை என்று அவரே எழுதுகிறார். பெண் நூலாசிரியருக்குக் கிடைக்கும் ஏளனத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்து எடுத்த முடிவு அது. தன் சொற்கள் நாட்டை அசைக்கின்றன என்று அவருக்கு நன்றாகத் தெரியும், அதில் மகிழ்ச்சியும் இருந்தது. ஒலிம்ப் இதற்கு நேர் எதிர், பெரும்பாலான தாள்களில் பெயர். இருவரும் ஒரே வாரத்தில் இறந்தார்கள். அடக்கமும் காப்பாற்றவில்லை, துணிச்சலும் காப்பாற்றவில்லை.

ஜூன் 11, மாலை

பத்திரிகை நடத்திய பெண்ணையும் மறக்க வேண்டாம். லூயிஸ் தெ கெராலியோ, 1789 ஆகஸ்டிலேயே சொந்தமாக அரசியல் பத்திரிகை தொடங்கி ஆசிரியராக இருந்தார்.

ஜூன் 14

முதலில் கேட்டவர் திரும்ப வந்து, சந்தைப் பெண்களைப் பற்றி நான் ஓடி ஒளிவதாகச் சொல்கிறார். சரி, அதற்குள்ளேயே போவோம். அது நேர்க்கோடாக இல்லை.

1792 மார்ச் 6 அன்று போலின் லெயோன் பேரவையில் ஒரு மனுவைப் படித்தார், 300-க்கும் மேற்பட்ட பெண்களின் கையெழுத்து. ஈட்டி, கைத்துப்பாக்கி, வாள் வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும், விடுமுறை நாள்களில் பயிற்சி எடுக்க மைதானம் வேண்டும். தன் உயிரையும் விடுதலையையும் காத்துக்கொள்வது எல்லோருக்கும் உள்ள இயற்கை உரிமை, எதிரி வந்தால் எங்களைக் காக்க நாங்கள் என்ன செய்வது என்ற தர்க்கம்தான் அதன் அடிப்படை. 1793 மே மாதம் அவரும் நடிகை கிளேர் லகோம்பும் சேர்ந்து புரட்சிக் குடியரசுப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். பதுக்கல்காரர்களைப் பிடி, விலைக்கு உச்சவரம்பு வை என்றார்கள். செப்டம்பர் 29 அன்று விலை உச்சவரம்புச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் யார் பிழைப்பில் கை வைத்தது? சந்தையில் விற்கிற பெண்களின் பிழைப்பில். புரட்சியின் அடையாளமான மூவண்ணக் குஞ்சம் அணியாத பெண்ணைத் தண்டிக்கலாம் என்ற ஆணையும் செப்டம்பரில் வந்தது. சங்கத்துப் பெண்கள் சிவப்புத் தொப்பியோடு சந்தைக்குப் போய் அதை வற்புறுத்தினார்கள் என்று புகார். அக்டோபர் இறுதியில் கைகலப்பு. சந்தைப் பெண்கள் மாநாட்டு அவைக்குப் போய், அந்தச் சங்கத்தைக் கலையுங்கள் என்று கேட்டார்கள். தடையைக் கேட்டு வாங்கியவர்களும் பெண்கள்.

இதைப் படிக்கும்போது எனக்கு வருத்தம்தான் வரும், கோபம் வராது. இரண்டு பக்கமும் ரொட்டியைப் பற்றித்தான் பேசியது. வாங்குகிறவளின் விலையும் விற்கிறவளின் விலையும் ஒன்றாக இருக்க முடியாது. பெண்கள் எல்லோரும் ஒரே அணி என்று எதிர்பார்ப்பது நம் ஆசை, அவர்கள் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை.

ஜூன் 14, இரவு

அந்தச் சண்டையை அவை எப்படிப் பயன்படுத்தியது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தகராறு ஒரே ஒரு சங்கத்தைப் பற்றியது. அக்டோபர் 30 அன்று பாதுகாப்புக் குழுவின் சார்பில் ஆமார் வாசித்த அறிக்கையோ இரண்டு பொதுக் கேள்விகளைக் கேட்டது: பெண்கள் அரசியல் உரிமையைச் செயல்படுத்தலாமா? அரசியல் சங்கமாகக் கூடலாமா? இரண்டுக்கும் இல்லை என்று பதில். இயற்கை அவர்களுக்கு வேறு வேலை வைத்திருக்கிறதாம். ஷார்லியே என்ற உறுப்பினர் மட்டும் எழுந்து, பெண்கள் மனித இனத்தில் சேர்ந்தவர்கள் இல்லை என்று சொல்லப்போகிறீர்களா, இல்லையென்றால் கூடும் உரிமையை எப்படிப் பறிக்கிறீர்கள் என்று கேட்டார். எடுபடவில்லை. எந்தப் பெயரில் இருந்தாலும் பெண்களின் சங்கங்கள் அனைத்துக்கும் தடை.

தேதிகளை அடுக்கிப் பாருங்கள். அக்டோபர் 16 அரசி மரி அந்துவானெத்துக்குக் கில்லட்டின். 30 தடை. நவம்பர் 3 ஒலிம்ப். 8 ரோலான். 17 அன்று பாரிஸ் நகர அவைக்கு வந்த பெண்களைப் பார்த்து ஷோமெத் என்ற அதிகாரி பொரிந்தார்: வீட்டு வேலையை விட்டுவிட்டுக் குடியரசில் மூக்கை நுழைத்த ஒலிம்பின் கதி நினைவிருக்கிறதா என்று. 19 அன்று மூன்று பெண்களின் மரணத்தையும் ஒன்றாகக் கட்டி, பெண்களுக்கான எச்சரிக்கையாக ‘மோனித்தர்’ இதழில் ஒரு கட்டுரை.

அரசி, சாக்லேட் விற்றவர், ஜிரோந்தின் அமைச்சரின் மனைவி, சுவரொட்டி ஒட்டியவர். இவர்களுக்குள் எந்த ஒற்றுமையும் கிடையாது, ஒருவரையொருவர் வெறுத்திருப்பார்கள். அவர்களை ஒரே வகையாக்கியது அந்த ஆண்கள்.

ஜூன் 15

7-ஆம் தேதி எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள். தண்டனைக்குக் காரணம் வாக்குப் பெட்டிச் சுவரொட்டி. தண்டனைக்குச் சொன்ன பாடம், பெண் தன் இடத்தை மறந்தாள் என்பது. தீர்ப்பில் ஒரு குற்றம், இரண்டே வாரத்தில் பத்திரிகையில் வேறு குற்றம். ஆக அவரைப் பெண் என்ற வட்டத்துக்குள் முதலில் அடைத்தவர்கள் கொன்றவர்கள்தான். அவரைப் புகழும்போது நாமும் ஏன் அதையே செய்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

ஜூன் 18

பிரகடனத்தை நான் குறைத்துப் பேசுவதாகச் சிலர் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. 1789 பிரகடனத்தின் 17 பிரிவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, மனிதன் என்ற இடத்தில் பெண்ணையும் ஆணையும் வைக்கிறார். பல பிரிவுகளில் சின்ன மாற்றம்தான். அதிலேயே மூலத்தின் ஓட்டை தெரிந்துவிடுகிறது.

எல்லோரும் மேற்கோள் காட்டுவது 10-ஆம் பிரிவு: கொலைமேடை ஏறும் உரிமை பெண்ணுக்கு உண்டென்றால், பேச்சு மேடை ஏறும் உரிமையும் இருக்க வேண்டும். பின்னால் நடந்ததை வைத்து இதை ஆரூடம்போல் சொல்வது எனக்குப் பிடிக்காது. அது ஒரு சட்ட வாதம். தண்டிக்கும்போது முழு ஆளாக எண்ணுகிற சட்டம், பேசும்போது மட்டும் ஏன் எண்ணவில்லை?

எனக்கு நெஞ்சில் நிற்பது 11-ஆம் பிரிவு. 1789 மூலத்தில் அது கருத்துரிமை. அவர் அதே கருத்துரிமையைக் கொண்டுபோய், தன் குழந்தையின் தந்தை யார் என்று ஒரு பெண் வெளிப்படையாகச் சொல்லும் உரிமையோடு சேர்க்கிறார். தந்தை ஏற்காத மகள் என்று தன்னை நம்பிய ஒருவர் இதை எழுதியிருக்கிறார். தத்துவவாதிகள் யாருக்கும் பேச்சுரிமை என்றதும் இது தோன்றியிருக்காது.

13-ஆம் பிரிவு வரி: சுமையில் பங்கு இருக்கிறது, எனவே பதவியிலும் தொழிலிலும் பங்கு வேண்டும். கடைசியில் கணவன் மனைவி ஒப்பந்தத்துக்கு ஒரு மாதிரிப் பத்திரமே எழுதிவைத்திருக்கிறார். சொத்து பொது, பிரிந்தால் பாதி, குழந்தைகள் எந்த உறவில் பிறந்தாலும் உரிமை.

அரசிக்கு அதைச் சமர்ப்பணம் செய்தது அவருக்கு நன்மை செய்யவில்லை.

ஜூன் 19

அடிமை முறையைப் பற்றிய அவரது நாடகம் 1789 டிசம்பரில் காமெடி பிரான்சேஸ் அரங்கில் மேடையேறியது. காலனி முதலாளிகளின் எதிர்ப்பில் மூன்று காட்சிகளோடு நின்றது. மாநாட்டு அவை 1794 பிப்ரவரி 4 அன்று அடிமை முறையை ஒழித்தது, அவர் இறந்து மூன்று மாதம். 1802-இல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்.

ஜூன் 22

ஆங்கில எழுத்தாளர் மேரி வொல்ஸ்டன்கிராஃப்டோடு ஒலிம்பை ஒப்பிடச் சொன்னவருக்கு: இருவரும் ஒரே கதவைத் தட்டவில்லை. 1791-இல் தாலேராந் என்ற பிரெஞ்சு அரசியல்வாதி தந்த கல்வித் திட்டம் பெண் குழந்தைகளுக்கு எட்டு வயதோடு பொதுப்பள்ளியை முடித்தது. அதற்குப் பதிலாகத்தான் வொல்ஸ்டன்கிராஃப்டின் 1792 நூல், அவருக்கே சமர்ப்பணம். பெண்ணின் அறிவு எப்படி முடமாக்கப்படுகிறது என்பது அவர் கவலை. ஒலிம்புக்குச் சட்டப் பிரிவும் வாக்கும்தான் கவலை. வொல்ஸ்டன்கிராஃப்ட் 1792 டிசம்பரில் பாரிஸ் வந்தார், லூயி விசாரணைக்குப் போனதைக் கண்ணால் பார்த்தார், மறுஆண்டு பிரிட்டிஷ்காரர்களைக் கைதுசெய்தபோது அமெரிக்கரின் மனைவி என்ற பதிவால் தப்பினார். தன் பெயரைத் தூக்கி நிறுத்திய எழுத்தாளர் உயிர் தப்பியது இன்னொருவரின் மனைவி என்ற பதிவில்.

ஜூன் 26

போலின் லெயோன் பிறகு என்ன ஆனார்?

சங்கம் தடைபட்ட சில வாரங்களில் தியோஃபில் லெக்லேர் என்ற தீவிரப் பத்திரிகையாளரை மணந்தார். 1794 ஏப்ரலில் இருவரும் கைது. சிறையில் இருந்து தன் புரட்சி வாழ்க்கையைப் பற்றி ஒரு வாக்குமூலம் எழுதினார். அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தத் தாளில் இருந்து வந்தது. அதில் சங்கம் மூடிய பிறகு முழுக்க வீட்டுக் கடமைகளில் இறங்கிவிட்டதாகச் சொல்கிறார். ஈட்டி கேட்டவர் வாயால். விடுதலைக்காக எழுதியதா, உண்மையாகவே களைத்துவிட்டாரா? அந்தத் தாளை எத்தனை முறை படித்தாலும் நான் இரண்டையும்தான் கேட்கிறேன். கைதியின் எழுத்தும் அரசியல் எழுத்துதான், படிக்கப்போகிறவன் அதிகாரி என்று தெரிந்து எழுதியது.

ஜூன் 26, இரவு

தடையோடு பெண்கள் அடங்கிவிடவில்லை. 1795 மே மாதம் ரொட்டிக்காக மறுபடி மாநாட்டு அவைக்குள் புகுந்த கூட்டத்தின் முன்வரிசையில் அவர்கள் இருந்தார்கள். சில நாளில் ஆணை: பெண்கள் வீட்டுக்குள் போக வேண்டும், தெருவில் ஐந்துக்கு மேல் கூடினால் கலைக்கப்படுவார்கள். 1804 சட்டத் தொகுப்பில் மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எழுதியே வைத்தார்கள். மணவிலக்கு 1816-இல் போனது, 1884-இல்தான் திரும்பியது. வாக்குரிமை 1944 ஏப்ரல் 21 ஆணையில்.

ஜூலை 1

எதில் தொடங்கிப் படிப்பது என்று மூவர் கேட்டுவிட்டார்கள். ‘மூன்று வாக்குப் பெட்டிகள்’ முதலில், சின்ன உரைதான். பிறகு பிரகடனம், பின்னால் உள்ள ஒப்பந்தப் பத்திரத்தையும் விடாமல். அதற்கடுத்து லெயோனின் 1792 மனுவையும் ஆமாரின் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ரோலானின் நினைவுக் குறிப்புகள் பெரியவை, நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்டவருக்கு இன்னும் என்மேல் மனத்தாங்கல் இருந்தால், அக்டோபர் நடையில் கலந்துகொண்ட பெண்கள் பிறகு நடந்த விசாரணையில் கொடுத்த சாட்சியங்கள் இருக்கின்றன, அவற்றில் தொடங்கலாம். அதுவும் எழுத்துதான், எழுத்தர் கையில் எழுதப்பட்டிருந்தாலும்.